சித்திரைத் திருவிழாவும் திருத்திய பட்ஜெட்டும்

மதுரை மாநகராட்சியின் வருஷக் கணக்கு ஏப்ரல் முதல் தேதி பிறக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேறுவதும், திருக்கல்யாணம் நிகழ்வதும், மாசி வீதிகளில் தேர் ஓடுவதும், கள்ளழகர் வைகையில் இறங்குவதும் அதன்பின் சில வாரங்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அழகர் ஆற்றில் இறங்கிய நாள் 2022-இல் ஏப்ரல் 16, 2023-இல் மே 5, 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. புதிய பட்ஜெட்டில் ஒதுக்கிய பணத்தைக் கொண்டு ஒரு சாலையைப் போடுவதென்றால், மதிப்பீடு தயாரித்து, நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் பெற்று, டெண்டர் கோரி, பணி உத்தரவு வழங்கி, அதன் பிறகே ஜல்லி கொட்ட முடியும். அதற்குள் மதுரை மக்கள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையே முடிந்துவிடும். ஆகவே, திருவிழாச் சாலைகளுக்கான பணம் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டிலிருந்தோ, வேறொரு தலைப்பில் இருந்த தொகையை மாற்றியோதான் வந்தாக வேண்டியிருக்கிறது. இந்த மாற்றத்தைப் பற்றி வரி செலுத்தும் பிரஜை அறிந்திருக்க வேண்டியவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்ஜெட்டைத் திருத்துவது தன்னளவில் குற்றமன்று. ஆண்டின் தொடக்கத்தில் எழுதப்படுவது உத்தேசமே. எதிர்பார்த்த வரி வசூலாகாமற் போகலாம், பெருமழை பெய்து வாய்க்கால்கள் உடையலாம், அரசின் மானியம் தாமதிக்கலாம். இத்தகைய மாறுதல்களை மாமன்றத்தின் முன் வைத்து, விவாதித்து, தீர்மானமாக நிறைவேற்றுவதற்காகவே திருத்திய மதிப்பீடு என்ற முறை ஏற்பட்டது. ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமி எதிர்பாராமல் வந்து சேரும் வெள்ளமன்று. அதன் தேதி பஞ்சாங்கத்திலேயே அச்சாகி வருகிறது. முன்கூட்டியே தெரிந்த ஒரு செலவு, கடைசி நேரத்து அவசரமாக மன்றத்துக்கு வருமானால், அவ்வவசரம் எப்படி விளைந்தது, யாருக்கு அனுகூலமாயிற்று என்று கேட்பதற்கு ஜனங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

சட்டம் வகுத்த எல்லைகள்

மாநகராட்சிப் பணம் திருவிழாவுக்குச் செலவாகலாமா என்ற சந்தேகம் பலருக்கு எழுவதுண்டு. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 12-ஆவது அட்டவணை, சாலைகளையும் பாலங்களையும், குடிநீரையும், பொதுச் சுகாதாரத்தையும், தெருவிளக்கையும், பண்பாட்டு வளர்ச்சியையும் நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாகக் குறிப்பிடுகிறது. ஒரு குறிப்பிட்ட மதத்தின் வளர்ச்சிக்கென்றே ஒதுக்கப்படும் வரியைச் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று 27-ஆவது பிரிவு கூறுகிறதாயினும், வரிப்பணத்தின் கணிசமான பகுதி அவ்வாறு செலவாகும்போதுதான் அப்பிரிவு மீறப்படுகிறது என்று ஹஜ் மானிய வழக்கில் 2011-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அன்றியும், தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் தர்காவைக் கடந்து ஆற்றுக்குச் செல்லும் சாலை செப்பனிடப்பட்டால், அதில் மறுநாள் நடப்பவர் எல்லாச் சமயத்தவரும்தான். பூஜையும் அலங்காரமும் கோயிலின் பொறுப்பு. அழகர் தங்கிச் செல்லும் மண்டகப்படி அதை ஏற்றவர்களின் பொறுப்பு. வைகை அணையிலிருந்து தண்ணீர் திறப்பது நீர்வளத் துறையின் பொறுப்பு. கூடுகின்ற கூட்டத்துக்குக் குடிநீர், தற்காலிகக் கழிப்பறை, விளக்கு, குப்பை அகற்றல், பள்ளமில்லாத வீதி ஆகியவற்றை அளிப்பது மாநகராட்சியின் கடமை.

எந்தப் பையிலிருந்து எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. தமிழக மாநகராட்சிகளின் பட்ஜெட்டில் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என மூன்று தனிக் கணக்குகள் காட்டப்படுகின்றன. நீங்கள் செலுத்தும் சொத்துவரியில் கல்விக்கும் நூலகத்துக்கும் உரிய பங்குகள் அடங்கியிருக்கின்றன. பள்ளிக்கூடத்துக் கூரைக்கென வசூலித்த காசு தார்ச் சாலையாக மாறுவதற்கில்லை. மத்திய நிதிக் குழு மானியத்திலும் பெரும்பகுதி குடிநீர், சுகாதாரம் போன்ற நோக்கங்களுக்கென நிபந்தனையுடன் வருவதாகும்.

விபரீதம் நேரும் இடங்கள்

முதலாவது, நிறுத்தி வைக்கப்படும் வேலை. 2011-இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் முதலிய பகுதிகள் சேர்ந்து, மதுரையின் வார்டுகள் 72-லிருந்து 100 ஆயின. புறநகர்த் தெருக்கள் பல, பாதாளச் சாக்கடைக்கும் முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்குமாகத் தோண்டப்பட்டவை. நகர நடுவில் தேரோடும் வீதி அவசரமாகப் பளபளக்கும்போது, அந்தப் பணம் எந்த வார்டின் தெருவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் தீர்மானத்தின் கடைசி வரி வரை படித்தாலொழிய அறிய இயலாது. கூட்டப்பட்ட தலைப்பு எப்போதும் பெரிதாக அறிவிக்கப்படும். குறைக்கப்பட்ட தலைப்பைப் பற்றி அறிக்கையில் பேச்சிராது.

இரண்டாவது, டெண்டரின் அவசரம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இலும் அதன் விதிகள் 2000-இலும் வந்தன. ரூ.2 கோடி வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தரவேண்டும். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஒரே சாலையைச் சிறு சிறு துண்டுகளாக்கித் தனித்தனி வேலைகளாகக் காட்டுவதும், மேயரின் முன்அனுமதியில் வேலையை முடித்துவிட்டு மாமன்றத்தின் பின்னேற்புக்கு மட்டும் பொருளை அனுப்புவதும் கண்ணில் பட்டால், அங்கே கவனம் தேவை.

மூன்றாவது, வேலையின் தரம். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போடவேண்டும் என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அவ்வாறு செய்யாத தெருவில் சாலை விரல் விரலாக உயர்ந்து, பாதாளச் சாக்கடை மூடி குழியாகத் தாழ்ந்து, மழைநீர் வீட்டு வாசற்படி ஏறுகிறது. பிறகு குழாய் பதிக்க வருபவர்கள் அந்தச் சாலையையும் வெட்டுகிறார்கள்.

நான்காவது, எல்லாவற்றிலும் கொடியது, உயிர்ச் சேதம். 2022-இல் அழகர் ஆற்றில் இறங்கிய வேளையில் நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். ஜோடனைக்குப் பணம் ஏராளமாக இருந்து, கூட்டம் வெளியேறும் வழிக்கும் தடுப்புக்கும் முதலுதவிக்கும் ஒதுக்கீடு சொற்பமாக இருக்குமானால், அது திருவிழாவுக்கான பட்ஜெட் என்று சொல்லத் தகுதியற்றது.

பிரஜை செய்யக்கூடியவை

புகார் எழுதுமுன் சாலை யாருடையது என்று அறிந்துகொள்ளுங்கள். அழகர்கோவிலிலிருந்து அப்பன்திருப்பதி வழியாக வரும் பாதை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளது. அதை ஒட்டிய கிராமத்துச் சந்துகள் ஊராட்சிக்குரியவை. மூன்றுமாவடிக்கு உள்ளே வந்ததும் தெருக்கள் பெரும்பாலும் மாநகராட்சிக்குரியவை. தவறான வாசலில் கொடுத்த மனு மாதக்கணக்கில் அலையும்.

அடுத்து, திருவிழாச் சாலைக்கான பணம் எந்தத் தலைப்பிலிருந்து வந்தது என்று உங்கள் கவுன்சிலரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டிருக்கின்றன. தெருவின் தேவையைச் சொல்லிப் பதிவு செய்யவேண்டிய இடங்கள் அவையே.

பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் துணைக்கு வரும். பத்து ரூபாய் கட்டணத்துடன் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பினால், 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். 'ஏன் செய்தீர்கள்' என்று கேட்டால் பதில் கிட்டுவது துர்லபம், ஆவணத்தைக் கேளுங்கள். அசல் மதிப்பீட்டிலும் திருத்திய மதிப்பீட்டிலும் சாலைத் தலைப்பின் தொகை, குறைக்கப்பட்ட தலைப்புகளின் பட்டியல், மாமன்றத் தீர்மானத்தின் எண்ணும் நாளும், டெண்டர் அறிவிப்பின் நகல், செய்த வேலையை அளந்து எழுதிய அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்தக்காரர் எத்தனை காலம் பழுது நீக்கக் கடமைப்பட்டவர் என்ற விவரம் — இவை போதும். வேலையை நேரில் பார்வையிடவும், சான்றிட்ட மாதிரிப் பொருளைப் பெறவும்கூட அச்சட்டம் இடமளிக்கிறது என்பதைப் பலர் அறியார்.

முறைகேட்டுக்கு ஆதாரம் கிடைத்தால், 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளாட்சிகள் முறைமன்ற நடுவரிடம் முறையிடலாம். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் அறிக்கையையும் கேட்டுப் பெறலாம். மூடப்படாத பள்ளம் பொதுவழியில் உயிருக்கு உலை வைக்குமானால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவுக்கு நிகராக இப்போதுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின் கீழ் நிர்வாக நடுவரிடம் மனுச் செய்யலாம். 'பணமில்லை' என்ற சமாதானம் அங்கே செல்லாது. ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980-இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், அடிப்படைக் கடமையிலிருந்து தப்பிக்க நிதி நெருக்கடி ஒரு காரணமாகாது என்று தீர்ப்பளித்திருக்கிறார். இவை யாவும் பயன்தராதபோது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கவே இருக்கிறது.

ஆயினும், வழக்கும் மேல்முறையீடும் பணம் செலவான பின்பு செய்யும் பரிகாரங்களே. திருத்திய மதிப்பீடும் அடுத்த ஆண்டு மதிப்பீடும் உருவாகும் காலம் பங்குனிக்கு முந்திய மாதங்கள். ஆகவே, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் சுற்றும் தை மாதத்திலேயே, சித்திரைக்கு எந்தச் சாலைகள், எவ்வளவு தொகை, எந்தத் தலைப்பிலிருந்து என்ற மூன்று கேள்விகளையும் பகுதி சபையில் எழுப்பிப் பதிவு செய்துவிடுங்கள். அன்று பதிவேட்டில் ஏறிய கேள்விக்கு, மார்ச்சில் கையுயர்த்த வரும் உங்கள் கவுன்சிலர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.