இரைப்பைச் சத்திரசிகிச்சையும் கோப்பியும்

மருதனார்மடம் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு மடம் இருக்கின்றது. வழிநடந்து களைத்தோர்க்குத் தங்க இடமும் பருக நீரும் அளித்தல் மடத்தின் பணி. அவ்வழக்கத்தின் எச்சமே நம் வீடுகளில் இன்றும் விருந்தினர்க்கு நீட்டப்படும் கோப்பி எனலாம். காங்கேசன்துறை வீதியினின்று எந்த ஒழுங்கைக்குள்ளே திரும்பிப் படியேறினும், "கோப்பியோ, தேத்தண்ணியோ?" என்ற வினா எழும், "ஒன்றும் வேண்டாம்" என்பது விடையாக ஏற்கப்படுவதில்லை. இவ்வுபசாரத்தினால் இடர்ப்படுவோர் ஒரு சாரார் இப்பொழுது நம்மிடையே உளர். உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு, கொழும்பிலோ சென்னையிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இரைப்பையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஊருக்கு வருவோரே அவர்.

இச்சிகிச்சை பெருஞ்செல்வர் அழகுக்காகச் செய்துகொள்வது என்று எண்ணுதல் தவறு. நீரிழிவும் மூட்டுநோயும் முற்றியவர்க்கு இது உயிர்காக்கும் மருத்துவம். ஆசிய மக்களுக்குக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு வந்துவிடுதலின், உடற்றிணிவுச் சுட்டி 27.5ஐ எட்டியபோதே இதனைக் கருதலாம் என 2022இல் அனைத்துலகச் சத்திரவைத்தியர் சங்கங்கள் நெறி வகுத்தன.

பெரிதும் செய்யப்படும் முறைகள் இரண்டு. ஒன்றில், இரைப்பையின் ஏறத்தாழ முக்காற்பங்கினை நெடுக்காக வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்குவர். மற்றதில், மேற்புறத்தில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறுபையை மட்டும் பிரித்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே பொருத்துவர். உணவு முன்சிறுகுடலைக் காணாமலே செல்லும். (மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டிலே அயலூராகிய மானிப்பாயிற் செய்துகாட்டிய வைத்தியர் சாமுவேல் கிறீனை ஈண்டு நன்றியோடு நினைத்தல் தகும்.)

சிகிச்சைக்குப் பின் முதற் சில வாரங்கள் கோப்பியை அறவே விடுக என்றே பல வைத்தியசாலைகள் கூறுகின்றன. தையல் ஆறாத பையிற் கோப்பி அமிலத்தைத் தூண்டும். குழாய்போல் ஆக்கப்பட்ட இரைப்பையினர்க்கு நெஞ்செரிவு முன்னரே மிகுதி. அன்றியும், ஒருநாளைக்கு ஒன்றரை லீற்றர் நீரைச் சிறுசிறு மிடறாக உட்கொள்ளுதலே அக்காலத்திற் பெரும்பாடு. அவ்விடத்தைக் கோப்பி பிடித்துக்கொள்ளலாகாது. பொருத்திய இடத்திற் புண் உண்டாவதற்கோ, புகைபிடித்தலும் இபுப்புரோபன் போன்ற நோவுக் குளிசைகளுமே கோப்பியினும் கொடிய காரணங்கள். கோப்பியை அஞ்சி விட்டுவிட்டுச் சுருட்டை விடாதார் செய்வது வீண் தவம்.

காயம் ஆறியபின் கஃபீன் அத்துணை அஞ்சத்தக்கதன்று. நலமுடைய வளர்ந்தோர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கொள்ளலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இற் கூறியது; ஒரு கிண்ணக் கோப்பியில் 60 முதல் 100 வரை இருக்கும். உண்மையான தீங்கு வேறோரிடத்தில் இருக்கின்றது. அஃது நாம் கோப்பி குடிக்கும் நேரம்.

சோறுண்டு கை கழுவியவுடன் கோப்பியோ தேநீரோ பருகுதல் நம் பழக்கம். இவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, குருதியிற் சேரவிடாது தடுக்கும். சத்திரசிகிச்சை செய்யாதோரிடத்து நடத்தி 1983இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இறைச்சி உணவோடு பருகிய கோப்பி இரும்பேற்பை நூற்றுக்கு 39 பங்கும், தேநீர் 64 பங்கும் குறைத்தன. உணவுக்கு ஒருமணி முன்னர்க் குடித்த கோப்பியாற் குறைவு இல்லை. ஒருமணி பின்னர்க் குடித்ததோ, உணவோடு குடித்ததற்கு ஒப்பாகவே கெடுத்தது! இரும்பு முக்கியமாய் உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். அதனைத் தாண்டிச் செல்லும் உடலுக்கு, கிடைக்கும் சிறிதளவையும் கோப்பிக்குக் கொடுத்துவிட்டால் குருதிச்சோகை வாராதிருக்குமா? சோறும் மரக்கறியுமாக உண்போர், மாதவிடாய் நில்லாத பெண்கள் ஆகியோர்க்கு இது இருமடங்கு பொருந்தும். இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்குதல் குளிசையை வீசியெறிதற்குச் சற்றே மேலானது. கஃபீன் நீக்கிய கோப்பியிலும் அத்துவர்ப்பு நீங்குவதில்லை என்பதைப் பலர் அறியார்.

அடுத்தது சீனி. குடலோடு நேரே பொருத்தப்பட்டோர் ரின்பாலும் சீனியும் நிறைந்த கோப்பியைக் குடித்தால், இனிப்பு ஒருங்கே குடலில் இறங்கும். அரைமணிக்குள் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றோட்டம். ஒன்றிரண்டு மணி கழித்துக் குருதிச் சீனி தாழ்ந்து மயக்கம். "கோப்பி பிடிக்கவில்லை" என்று பழியைக் கோப்பிமேல் ஏற்றுவாரும் உளர். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுங்கோப்பி குடித்தலும் இதற்கு மாற்றாகாது. பனங்கட்டியும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான்.

அங்ஙனமாயின் வந்தவருக்கு எதனைக் கொடுப்பது? சீனியிடாத மல்லித்தண்ணீர் நம் அடுக்களையில் உண்டு. அதிற் கஃபீன் இல்லை. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்திடித்த நம்மூர்க் கோப்பித்தூளோடு இதனை மயங்கிக்கொள்ளலாகாது, அது கோப்பியே. எதுவாயினும் சிறு கிண்ணத்தில், உணவுக்கு நெடுநேரம் முன்னர்க் கொடுக்க. உணவோடு எந்தப் பானமும் வேண்டாம் என்பது அவர்தம் வைத்தியர் இட்ட விதி. எத்தனையாம் வாரத்திற் கோப்பி தொடங்கலாம் என்பதும் வைத்தியசாலைதோறும் வேறுபடும். அதனைத் தீர்மானிப்பவர் சத்திரவைத்தியரேயன்றி, "ஒரு மிடறு குடித்தால் ஒன்றும் செய்யாது" என்னும் பெரியம்மா அல்லர்.