தனிப் பதிவகத்திற் படிமம் ஏற்றல்: தடைகளும் காரணங்களும்

கணினி மென்பொருளொன்றையும் அது இயங்குதற்கு வேண்டிய துணைக்கோப்புகள் யாவற்றையும் ஒருங்கே பொதிந்து, அமைப்பொத்த கணினிகளில் ஒரேவகையாய் இயங்கச் செய்யும் முறை கொள்கலன் முறை எனப்படும். 2013 ஆம் ஆண்டில் டொக்கர் வெளிவந்தபின் இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று. பொதிந்து வைத்த மூலவடிவம் படிமம். படிமங்களைச் சேமித்து வேண்டும்போது வழங்கும் பண்டகசாலை பதிவகம். பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் தம் படிமங்களைப் பிறர் பொறுப்பில் விடாது, தமது சேவரிலேயே பதிவகம் நிறுவிக்கொள்வதுண்டு. டொக்கர் நிறுவனத்தார் ஆக்கி, 2021 ஆம் ஆண்டிலே கிளவுட் நேற்றிவ் கொம்பியூட்டிங் பவுண்டேசனிடம் ஒப்படைத்த டிஸ்ரிபியூசன் என்னும் மென்பொருள் இத்தேவைக்கெனக் கையாளப்படுவனவற்றுள் ஒன்று.

பதிவகத்தை நிறுவுதல் எளிது. அதிற் படிமத்தை ஏற்ற முயலும்போதே இடர் தோன்றும். அவ்வேளை காரணம் நாடாது கண்ட மாற்றங்களையெல்லாம் முயல்வோர், தடையோடு பாதுகாப்பையும் சேர்த்து நீக்கிவிடுதல் உண்டு. பதிவகத்திலுள்ள ஒரு படிமமே பல கணினிகளில் இயங்குவதாதலின், அதன் வாயிலில் நேரும் சோர்வு அவையனைத்தையும் பற்றும். ஆகவே, ஏற்றல் நிகழும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும்.

படிமம் பல அடுக்குகளால் ஆயது. ஒவ்வோர் அடுக்குக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து எஸ்.எச்.ஏ.-256 முறையாற் கணித்த அடையாள எண் ஒன்றுண்டு. ஏற்றும் கணினி முதலிற் பதிவகத்தை அணுகித் தன்னை ஏற்குமோ என வினவும். பின்னர், ஒவ்வோர் அடுக்கும் ஆங்கு முன்னரே உளதோ எனக் கேட்கும். உளதாயின் மீண்டும் அனுப்பாது. இலதாயின், பதிவகம் காட்டும் முகவரிக்கு அதனை அனுப்பி, ஈற்றில் அடையாள எண்ணைக் கூறி முடிக்கும். அடுக்குகள் யாவும் சேர்ந்த பின்னரே, அவற்றை நிரல்படக் கூறும் மனிபெஸ்ற் என்னும் அட்டவணை செல்லும். எனவே, தடை எந்தப் படியில் நேர்ந்தது என்பதே காரணத்தைக் காட்டும். புகை கண்டு தீயை அனுமித்தல்போல, பிழைச்செய்தி கண்டு காரணத்தை அனுமித்தல் கூடும்.

முதலாவது பெயர்ப்பிழை. படிமப் பெயரில் முதற் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியிற் புள்ளியோ முக்காற்புள்ளியோ இருந்தால், அல்லது அது லோக்கல்ஹோஸ்ற் என்றிருந்தால், டொக்கர் அதனைப் பதிவகத்தின் முகவரியாகக் கொள்ளும். அன்றேல், டொக்கர் ஹப் என்னும் பொதுப் பதிவகத்திற்கே அனுப்ப முயலும். தமது சேவருக்கு அனுப்புவதாக எண்ணியவர்க்கு அனுமதி மறுப்புச் செய்தி வருதல் இதனாலுமாம். சேவரின் பெயரையும் 5000 போன்ற போட் இலக்கத்தையும் முன்வைத்துப் படிமத்துக்குப் பெயரிடுதலே பரிகாரம்.

இரண்டாவது சான்றிதழ்ப் பிழை. பிற கணினியிலுள்ள பதிவகத்தை அணுகுங்கால் டொக்கர் மறைகுறியாக்கிய எச்.ரி.ரி.பி.எஸ். வழியையே எதிர்பார்க்கும். பதிவகம் வெறும் எச்.ரி.ரி.பி. வழியில் விடையிறுப்பின் ஏற்றல் நின்றுவிடும். சேவர் தானே ஒப்பமிட்ட சான்றிதழைக் காட்டினும், ஒப்பமிட்டோர் அறியப்படாதவர் என மறுக்கும். ஒப்பமிட்ட அதிகாரியின் சான்றிதழை, ஏற்றும் கணினியிலே டொக்கருக்குரிய சான்றிதழ்க் கோப்புறையினுள், பதிவகத்தின் பெயரும் போட் இலக்கமும் கொண்ட உட்கோப்புறையில் வைத்தல் வேண்டும். மேலும், டொக்கர் ஆக்கப்பட்ட கோ மொழி, 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த தன் 1.15 ஆம் பதிப்பு முதலாக, சேவரின் பெயரைச் சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் பகுதியிலேயே தேடும். பொதுப்பெயர்ப் பகுதியில் மாத்திரம் பெயர் பொறித்த பழைய சான்றிதழ்கள் இதனாற் செல்லாதனவாயின.

மூன்றாவது உரிமைப்பிழை. இதன் அறிகுறி 401 என்னும் விடை. பயனர் உள்நுழையாமையே பெரும்பான்மைக் காரணம். உள்நுழைவும் மறுக்கப்படின், கடவுச்சொற் கோப்பை ஆராய்க. டிஸ்ரிபியூசன் பிகிரிப்ட் முறையால் ஆக்கிய கடவுச்சொற் பதிவுகளையே ஏற்கும். பிறமுறையால் ஆக்கியவற்றை ஏற்காது.

நான்காவது இடைநிற்கும் புரொக்சியால் வருவது. சிற்றடுக்குகள் ஏறிப் பேரடுக்கு மாத்திரம் 413 என்னும் விடையோடு திரும்பின், குற்றம் பதிவகத்தினதன்று. என்ஜின்எக்ஸ் என்னும் புரொக்சி, வேறு கட்டளை இல்லாவிடத்து, 1 மெகாபைற்றுக்கு மேற்பட்ட பொதியை ஏற்காது. அவ்வெல்லையை 0 என அமைத்தால் அளவுக் கட்டுப்பாடு நீங்கும். வந்த வழி எச்.ரி.ரி.பி.எஸ். என்பதைப் புரொக்சி பதிவகத்துக்கு அறிவியாதுவிடின், பதிவகம் எச்.ரி.ரி.பி. முகவரியைக் காட்ட, ஏற்றல் இடைவழியில் முறியும். வந்த வழியைக் கூறும் தலைப்பைப் புரொக்சி அனுப்புமாறு செய்தல் இதற்கு மருந்து.

ஐந்தாவது சேமிப்பிடப் பிழை. 500 என்னும் விடை வரின், வட்டு நிறைந்ததோ, எழுதும் உரிமை இல்லையோ எனப் பதிவகத்தின் நிகழ்வுக்குறிப்பிற் காண்க. மனிபெஸ்ற்றை நீக்கிய மாத்திரத்தே இடம் மீளாது. பயனற்ற அடுக்குகளைக் களையும் பணியைத் தனியே நடத்துதல் வேண்டும். அப்பணி நடக்கும்போது பதிவகத்தை வாசிப்புக்கு மாத்திரம் உரியதாக்குக. அன்றேல், அவ்வேளை ஏறிக்கொண்டிருக்கும் அடுக்குகளும் அழிதல் கூடும்.

இனி, சான்றிதழ்த் தடைக்குப் பலர் நாடும் குறுக்குவழி ஒன்றுண்டு. பதிவகத்தைப் பாதுகாப்பற்ற பதிவகங்களின் வரிசையிற் சேர்த்தலே அது. தடை உடனே நீங்கும். ஆயின், வெறும் எச்.ரி.ரி.பி. வழியிற் செல்லும் கடவுச்சொல்லை வலையமைப்பில் இடைநிற்போர் படித்தல் கூடும். படித்தவர் அதே பெயரில் வேறு படிமத்தை ஏற்றுதலும் கூடும். அடையாள எண் காக்குமே எனின், அவ்வெண் நம்பத்தக்க வழியாற் பெறப்பட்டவிடத்தன்றிக் காவாது. பெயரை மாத்திரம் கொண்டு இறக்குவோர், மாற்றப்பட்ட படிமத்தையும் ஐயமின்றி இயக்குவர்.

ஆதலின், பெயர், சான்றிதழ், உரிமை, புரொக்சி, சேமிப்பிடம் என்னும் இவ்வைந்தையும் இம்முறையே ஆராய்ந்து, ஒருகால் ஒன்றையே மாற்றிப் பார்ப்பவர் காரணத்தை விரைந்து காண்பர். காவலை நீக்காது தடையை மாத்திரம் நீக்குதலே உண்மையான பரிகாரம் என்க.