பேச்சு கேட்கவில்லை, வெடி காதைப் பிளக்கிறது!

இரவு 10 மணி. தொட்டிலில் குழந்தை தூங்குகிறது. வீட்டார் டி.வி.டி.யில் படம் பார்க்கிறார்கள். கதாநாயகி ஏதோ சொல்கிறாள். காதில் விழவில்லை. ஒலியைக் கூட்டுகிறார்கள். அடுத்த நிமிடம், "டமார்!" குண்டு வெடிக்கிறது. குழந்தை வீறிட்டு அழுகிறது.

பிளேயர் கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோர் உண்டு. பாவம், வீண் செலவு!

6 வழி ஒலி

பல டி.வி.டி.க்களில் ஒலி "5.1" முறையில் 6 வழிகளாகப் பிரித்துப் பதிவாகி இருக்கிறது. பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கு உரியது. டெலிவிஷனில் இருப்பதோ இடம் ஒன்று, வலம் ஒன்று. நடுப்பேச்சு எங்கே போகும்?

பிளேயரின் "செட்டப்" பகுதியில் ஒலியை "ஸ்டீரியோ" என்று மாற்றினால், பேச்சு இரண்டிலும் கலந்து வரும். பல பிளேயர்களில் "டி.ஆர்.சி." அல்லது "நைட் மோட்" என்றும் ஒன்று இருக்கும். அதைப் போட்டால் பெரிய ஓசை அடங்கும். சிறிய ஓசை எழும்.

ஒல்லி முகங்கள்

பழைய டெலிவிஷனுக்கு 4:3, அகல டெலிவிஷனுக்கு 16:9 என்று குறிக்க வேண்டும். பழைய பெட்டிக்கு 16:9 என்று குறித்தால், குண்டு நடிகரும் ஒல்லியாகிவிடுவார்!

படம் ஓடும்போது பல பிளேயர்களில் இவற்றை மாற்ற முடியாது. முதலில் "ஸ்டாப்" பொத்தானை அழுத்த வேண்டும்.