இன்வெர்ட்டர் முதல் மின் ஆட்டோ வரை: வீட்டுக்குள் வரும் லித்தியம் பேட்டரியை அறிந்துகொள்வோம்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றியுள்ள பல பகுதிகளும் வெள்ளத்தில் தத்தளித்தன. மின்சாரம் இல்லை. செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோனால், வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைக்கு "நலமாக இருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட வழியில்லை. மின்சாரத்தைச் சேமித்து வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்படிப்பட்ட நாட்களில்தான் புரிகிறது.

மேனாம்பேடு போன்ற பகுதிகளில் உள்ள குடும்பங்களுக்கு இன்று இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. "இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டது, இந்த முறை லித்தியம் போடலாமா?" என்பது ஒன்று. "பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, மின்சார வண்டி வாங்கலாம்தான். ஆனால் தீப்பிடிக்குமாமே?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் லித்தியம் அயன் பேட்டரி என்ற ஒரே பொருளுக்குள்தான் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

லித்தியம் உலோகங்களிலேயே மிக இலேசானது. பேட்டரியின் ஒரு பக்கம் லித்தியம் கலந்த உலோகச் சேர்மம், மறுபக்கம் கிராஃபைட் என்ற கரி. நடுவே மெல்லிய தடுப்புத் தாள். காலையில் மேனாம்பேட்டிலிருந்து எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய், மாலையில் வீடு திரும்பும் தொழிலாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் கரிப் பக்கத்துக்கு அனுப்பப்படுகின்றன. நாம் பயன்படுத்தும்போது அவை தாமாகவே வீடு திரும்புகின்றன. அயனிகள் தடுப்புத் தாளின் நுண்துளைகள் வழியே போய்விடும். எலெக்ட்ரான்களுக்கு அந்த வழி கிடையாது. அவை வெளியே உள்ள கம்பியைச் சுற்றித்தான் வரவேண்டும். அந்த ஓட்டமே விளக்கை எரியவைக்கும், வண்டியை ஓட்டும் மின்சாரம்.

இது ஒருவரின் கண்டுபிடிப்பு அல்ல. 1970களில் ஸ்டான்லி விட்டிங்காம் அடித்தளம் இட்டார். 1980ல் ஜான் குட்இனஃப் சரியான உலோகச் சேர்மத்தைக் கண்டார். 1985ல் அகிரா யோஷினோ பயன்பாட்டுக்கு ஏற்ற வடிவம் தந்தார். 1991ல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கிராஃபைட்டுக்குள் லித்தியத்தைப் போகவும் வரவும் செய்யலாம் என்று காட்டியவர் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்த ரஷீத் யஸமி. குட்இனஃப், யோஷினோ ஆகியோருடன் 2014ல் டிரேப்பர் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். முதுமையில் இருந்த குட்இனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரோ தமிழ்நாட்டின் கிராமம் ஒன்றில் பிறந்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய பெயர்கள் இவை.

இன்வெர்ட்டருக்கு லித்தியம் சரியா?

வழக்கமான 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் ஈய பேட்டரியில் அடங்குவது சுமார் 1.8 யூனிட் மின்சாரம். மின் கட்டண அட்டையில் நாம் பார்க்கும் அதே யூனிட்தான். ஆனால் அது நீண்ட நாள் உழைக்கவேண்டுமானால் பாதிக்கு மேல் காலிசெய்யக் கூடாது. எடையோ 50 கிலோவுக்கு மேல். தண்ணீர் ஊற்றவேண்டும், அமில வாடையும் உண்டு.

100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியில் அடங்குவது ஏறக்குறைய 1.3 யூனிட். அதில் பெரும்பகுதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். எடை சுமார் 12 கிலோ. ஈய பேட்டரியை முழுக்கக் காலிசெய்து நிரப்பினால் சில நூறு முறைதான் தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 2000 முறைக்கு மேல் தாங்கும். வாங்கும்போது விலை அதிகம், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் குறைவு. பள்ளிவாசலின் மைக், மின்விசிறிகளுக்கான இன்வெர்ட்டரை மாற்றும்போதும் ஜமாஅத் நிர்வாகிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பழைய இன்வெர்ட்டரில் அப்படியே லித்தியம் பேட்டரியை மாட்டக் கூடாது. லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜிங் முறை அந்த இன்வெர்ட்டரில் இருக்கவேண்டும்.

சாலையில் நடக்கும் மாற்றம்

அம்பத்தூர் சைக்கிள் தயாரித்த ஊர். முருகப்பா குழுமத்தின் டிஐ சைக்கிள்ஸ் 1949ல் தொடங்கப்பட்டது. அதே குழுமம் 2022ல் மாண்ட்ரா என்ற பெயரில் மின் ஆட்டோவை வெளியிட்டது. அதுவும் அம்பத்தூரில்தான் தயாராகிறது. ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா என மின் இருசக்கர வாகனங்களின் பெரும் உற்பத்தி தமிழ்நாட்டில்தான். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் சென்னை மாநகரச் சாலைகளில் ஓடத் தொடங்கின.

ஆட்டோ ஓட்டும் சகோதரருக்கு இதில் என்ன இலாபம்? ஒரு கணக்குப் போடுவோம். நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 30 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் செலவு 400 ரூபாய். மின் ஆட்டோவுக்கு அதே தூரத்துக்கு 12 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் 96 ரூபாய். மிச்சமாகும் 300 ரூபாய், ஒரு குடும்பத்தின் அன்றாடச் சமையல் செலவு.

ஆனால் வண்டி விலையில் பெரும்பங்கு பேட்டரியே. வட்டிக் கடனைத் தவிர்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய தடை. பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் திட்டங்களும், காலியான பேட்டரியைக் கொடுத்து நிரம்பியதை வாங்கிக்கொள்ளும் நிலையங்களும் இப்போது வருகின்றன. ஒப்பந்தத்தைப் படித்து, வட்டி கலந்திருக்கிறதா என்பதை மார்க்க அறிஞர்களிடம் கேட்டு முடிவெடுக்கலாம். பேட்டரி விலையும் இறங்கிவருகிறது. ப்ளூம்பெர்க் ஆய்வுப் பிரிவின் கணக்குப்படி, 2010ல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1000 டாலருக்கு மேல் இருந்த உலகச் சராசரி விலை, 2024ல் 115 டாலர்.

வெயிலைச் சேமித்து இரவுக்கு

சூரிய மின்சாரம் நண்பகலில் கொட்டுகிறது; மஃக்ரிபுக்குப் பிறகு வீடுகளில் தேவை ஏறும்போது அது இல்லை. பகலில் மிஞ்சுவதைப் பிடித்து இரவில் தர, மின் கட்டமைப்புக்கே இன்வெர்ட்டர் போல மாபெரும் பேட்டரிகள் வந்துவிட்டன. 2017ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி நிறுவப்பட்டது. இந்தியாவில் சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவ் சூரிய மின் நிலையத்தில் 40 மெகாவாட் பேட்டரி 3 மணி நேரம் மின்சாரம் தருகிறது. 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத் தேவையைச் சந்தித்த தமிழ்நாட்டுக்கும் இது அவசியம்.

தீ பற்றிய அச்சம்

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, வீட்டுக்குள் இருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். இதை மறைத்துவிட்டு லித்தியத்தின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

தடுப்புத் தாள் கிழிந்தாலோ, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலோ இரு பக்கமும் நேரடியாகத் தொட்டு வெப்பம் பிறக்கும். அந்த வெப்பம் பக்கத்து செல்லையும் பற்றும். பிறகு நிறுத்துவது கடினம். இதைத் தடுக்க ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் மின்னணுக் காவலாளியைப் பேட்டரிக்குள் வைக்கிறார்கள். அதன் பெயர் பிஎம்எஸ். தொடர் விபத்துகளுக்குப் பிறகு, 2022 டிசம்பர் முதல் ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கியது. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று, பழைய லேப்டாப் செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரியை வாங்குவது காவலாளி இல்லாத வெடிமருந்துக் கிடங்கை வீட்டில் வைப்பதற்குச் சமம்.

வீட்டில் கவனிக்கவேண்டியவை:

1. மாடிப்படிக்கு அடியிலும் வாசலை மறித்தும் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற இருக்கும் ஒரே வழி அதுதான்.

2. எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் வேண்டாம். வண்டியுடன் வந்த சார்ஜரையே, எர்த் உள்ள தனி பிளக்கில் பயன்படுத்துங்கள்.

3. கத்திரி வெயிலில் ஓட்டிவந்த வண்டியைச் சற்று ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். வெப்பம் பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும்.

4. வெள்ளநீரில் நின்ற வண்டியையோ பேட்டரியையோ சார்ஜ் போடாதீர்கள். கோளாறு சில நாட்கள் கழித்தும் வெளிப்படலாம். வீட்டை விட்டுத் தள்ளி வைத்து, சர்வீஸ் மையத்தில் காட்டுங்கள். தாழ்வான இடத்தில் வசிப்போர் இன்வெர்ட்டர் பேட்டரியை உயரத்தில் பொருத்துங்கள்.

5. உப்பிய பேட்டரி, கருகிய வாடை, புகை தென்பட்டால் அணைக்கப் போராட வேண்டாம். குடும்பத்தை வெளியேற்றி 101 அல்லது 112ஐ அழையுங்கள்.

6. இரும்பு பாஸ்பேட் வகையா என்று கேளுங்கள். எடை சற்றுக் கூடுதல். ஆனால் வெப்பத்தை அதிகம் தாங்கும்.

வேலை முடிந்த பேட்டரி

பழையதைக் குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகள் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போவதை உறுதிசெய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. கடைக்காரரிடம் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். சில வகை லித்தியம் பேட்டரிகளுக்குள் இருக்கும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருவது. அங்கே சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் உழைக்கிறார்கள். நாம் திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு பேட்டரியும் புதிதாகத் தோண்டவேண்டிய தேவையைச் சிறிதாவது குறைக்கும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் வீட்டில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இன்வெர்ட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது, வண்டி எங்கே சார்ஜ் ஆகிறது, வெளியேறும் வழி திறந்திருக்கிறதா? இந்த மூன்றுக்கும் திருப்தியான பதில் இருந்தால், லித்தியத்தை அச்சமின்றி வீட்டுக்குள் வரவேற்கலாம், இன்ஷா அல்லாஹ்.