நடைப்பயிற்சிக்கும் குழந்தைக்கும் என்ன தொடர்பு?

திருமண விருந்துகளில் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று யாராவது உங்கள் அக்காவிடமோ சித்தியிடமோ கேட்டதைக் கவனித்திருப்பீர்கள். அவர் சிரித்துச் சமாளித்திருப்பார். ஆனால், மாலையில் பூங்காவில் வேகநடை, சீனி போடாத தேநீர், பாதியாகக் குறைத்த சோறு என்று பல மாதங்களாக அவர் பாடுபட்டுக்கொண்டிருக்கலாம். அதற்குக் காரணம் 'பிசிஓஎஸ்' என்ற சினைப்பைக் கோளாறாக இருக்கக்கூடும். கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களில் 100 பேருக்கு 10 முதல் 13 பேரை இது பாதிப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இதை 1935ஆம் ஆண்டு 7 பெண்களிடம் கண்டு விவரித்தவர்கள் அமெரிக்காவின் சிக்காகோ நகர மருத்துவர்களான இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவெந்தால். இதை நாம் 'நீர்க்கட்டி' என்கிறோம். பெயர்தான் பயமுறுத்துகிறது. ஸ்கேனில் தெரியும் அந்தச் சிறு குமிழ்கள் உண்மையில் கட்டிகள் அல்ல. ஒவ்வொன்றும் உள்ளே ஒரு முட்டையுடன் பாதி வளர்ச்சியில் நின்றுவிட்ட நுண்பை.

வளர்ச்சி ஏன் நிற்கிறது? பலருக்கு இன்சுலின் முக்கியக் காரணம். உடல் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின், சினைப்பையை அதிக ஆண் ஹார்மோன் சுரக்கத் தூண்டுகிறது. அதனால் நுண்பை முதிர்வதில்லை, முட்டை வெளிவருவதில்லை. மாதவிடாய் தள்ளிப்போகிறது. முகப்பருவும் முகத்தில் முடியும் தோன்றலாம்.

இங்குதான் நடைப்பயிற்சி உதவுகிறது. இயங்கும் தசை, இன்சுலினை அதிகம் நம்பாமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் தேவை குறையும். சினைப்பைக்கும் ஆறுதல் கிடைக்கும். உடல் பருமன் உள்ளவர்கள் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே சிலருக்கு முட்டை மீண்டும் வெளிவரத் தொடங்குகிறது. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோதான்.

அப்படியும் கரு தங்காவிட்டால்? அது அவருடைய சோம்பலும் அல்ல, குற்றமும் அல்ல. ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. கணவருக்கும் பரிசோதனை தேவை. அடுத்த படியாக மருந்து இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் லெட்ரோசோல், ஈஸ்ட்ரோஜனைச் சிறிது காலம் குறைக்கிறது. உடனே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, நுண்பையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், இம்மருந்தை உட்கொண்டவர்களில் 27.5 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். பழைய மருந்தான குளோமிஃபீன் உட்கொண்டவர்களில் அது 19.1 விழுக்காடு. மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே இவற்றை உட்கொள்ள வேண்டும்.

மாணவிகளே, வயதுக்கு வந்த முதல் ஆண்டில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. அதன் பிறகும் 90 நாள்களுக்கு மேல் வராமல் இருந்தால், அம்மாவிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

மாணவர்களே, அடுத்த விருந்தில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். அக்கா மனத்துக்குள் நன்றி சொல்வார்.