ரெண்டு நிமிஷ ஃப்ளைட்... ஆயுசுக்கும் பைலட்!

சீட்ல உட்கார்ந்து பெல்ட் போட்டாச்சு. இன்ஜின் உறுமுது. தரை கீழே போகுது. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தால் நீலமாகக் கடல். ‘அட, சூப்பரா இருக்கே!’ என்று பக்கத்து சீட்காரரிடம் சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ளே டொக்... சக்கரம் தரையைத் தொட்டுடுச்சு. இறங்குங்க பாஸ், ஊர் வந்தாச்சு!

ஜோக் இல்லீங்க, நிஜம். ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஆர்க்னி என்று ஒரு தீவுக் கூட்டம். சுமார் 70 தீவுகள். மனுஷங்க வசிப்பது அதில் இருபது சொச்சம் தீவுகளில்தான். அங்கே வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே என்ற பக்கத்துத் தீவுக்கு தினசரி விமானம் உண்டு. தூரம் 2.7 கிலோ மீட்டர். நம்ம மீனம்பாக்கத்தின் பெரிய ரன்வேயே 3.6 கிலோ மீட்டருக்கு மேல் நீளம்! அதாவது, ஏறி, பறந்து, இறங்குகிற மொத்தப் பயணமும் நம்ம ஊர் ரன்வேக்குள்ளேயே அடங்கிவிடும். உலகத்திலேயே மிகக் குட்டியான ரெகுலர் விமான சர்வீஸ் இதுதான். டைம்டேபிளில் 2 நிமிஷம். காற்று ஒத்துழைத்தால் அதுவும் இல்லை.

எவ்வளவு சீக்கிரம் போக முடியும்? 53 விநாடி! அந்த ரெக்கார்டை வைத்திருப்பவர் கேப்டன் ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர். 2013ல் ரிட்டயர் ஆவதற்குள் இந்த ஒரே ரூட்டில் 12,000 தடவைக்கு மேல் பறந்தவர். வேறு எந்த பைலட்டும் இந்த ரூட்டில் இத்தனை முறை பறந்ததில்லை.

இங்கே ஒரு சின்ன கணக்கு போடலாமா? 12,000 தடவை, தடவைக்கு 2 நிமிஷம். மொத்தம் 400 மணி நேரம். கண்டம் விட்டு கண்டம் பறக்கிற ஜம்போ பைலட் இதை ஆறே மாசத்தில் தாண்டிவிடுவார். ஆனால், அவருக்கு ஒரு மாசத்தில் கிடைக்கும் லேண்டிங்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்ச நேரமெல்லாம் ஆட்டோ பைலட்தான். தீவு பைலட்டுக்கோ 12,000 டேக் ஆஃப், 12,000 லேண்டிங். எல்லாமே கையால்! விமானம் ஓட்டுவதில் கஷ்டமே ஏறுவதும் இறங்குவதும்தானே? இவர்களுக்கு வேலையே அது மட்டும்தான்!

இப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக ஒரு பேர் உண்டு. ‘புஷ் பைலட்’. அலாஸ்கா, கனடா, ஆப்பிரிக்கா என்று ரோடு இல்லாத காட்டு ஊர்களுக்குக் குட்டி விமானத்தில் சாமானும் ஆளும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள். தீவுகளில் காட்டுக்குப் பதில் கடல். மத்தபடி ஒரே பொழப்புதான்.

டவுன் பஸ் மாதிரி ஒரு விமானம்

ஆர்க்னியில் பறப்பது ‘ஐலண்டர்’ என்ற விமானம். ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன் என்ற ரெண்டு இங்கிலாந்து நண்பர்கள் உருவாக்கியது. பயிர்களுக்கு வானத்திலிருந்து மருந்து தெளிக்கும் பிசினஸ் நடத்தியவர்கள் இவர்கள். ஆப்பிரிக்காவின் கேமரூனில் ஒரு குட்டி ஏர்லைனிலும் இவர்களுக்குப் பங்கு இருந்தது. மண் தரையில் இறங்கணும், ரிப்பேர் ஈஸியா இருக்கணும், விலையும் கட்டுப்படியாகணும். அப்படி ஒரு விமானம் மார்க்கெட்டில் இல்லை. சரி, நாமே செஞ்சுடலாம் என்று இறங்கிவிட்டார்கள். 1965 ஜூன் 13 அன்று முதல் ஐலண்டர் பறந்தது. அதன்பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தயாராகி உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் போய்விட்டன.

உள்ளே ஏறினால் நடக்க வழியே கிடையாது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து, காரில் ஏறுவது மாதிரி நேராக சீட்டில் உட்கார வேண்டியதுதான். ரெண்டு இன்ஜின். மடங்காத சக்கரம். ஒரே ஒரு பைலட். அவர் பக்கத்து சீட் காலியாக இருந்தால் பயணிக்குத்தான். டாக்சியில் முன் சீட் கிடைத்த குஷி!

ஆனால், எந்த சீட்டில் உட்காருவது என்பது நம் இஷ்டம் இல்லை. குட்டி விமானத்தில் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் ஆபத்து. அதனால் குண்டா இருக்கறவங்க இங்கே, ஒல்லியா இருக்கறவங்க அங்கே என்று பிரித்து உட்கார வைப்பார்கள். யாரும் கோவிச்சுக்கக் கூடாது.

யாரெல்லாம் போகிறார்கள்? டூரிஸ்ட்டுகளை விடுங்க. தீவுத் தீவாகப் போய்ப் பாடம் நடத்தும் டீச்சர், டாக்டர், ஆடு மாடு பார்க்கிற வெட்னரி டாக்டர், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டி. பேங்க்கில் வேலை பார்த்த ஒரு பெண்மணி தீவுகளுக்குப் பணம் பட்டுவாடா பண்ணுவதற்காகவே சுமார் 10,000 முறை பறந்திருக்கிறார்! பைலட்டுக்கு எல்லாரையும் பேர் சொல்லித் தெரியும். நம்ம ஊர் மினி பஸ் டிரைவர் மாதிரிதான்.

குட்டித் தீவுகளில் கன்ட்ரோல் டவர் கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிக் குழாய் ஒன்று கம்பத்தில் ஆடிக்கொண்டிருக்கும். ஃபயர் சர்வீஸ்? அந்த ஊர் ஆட்களேதான். விமானம் வருகிற நேரத்துக்கு வயல் வேலையைப் போட்டுவிட்டு, யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். விமானம் கிளம்பியதும் மறுபடி வயலுக்கு!

வயலில் இறங்கிய கேப்டன்

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவர் கேப்டன் ஃப்ரெசன். முதல் உலகப் போர் காலத்து பைலட். போர் முடிந்த பிறகு ஊர் ஊராகப் போய், காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை விமானத்தில் ஒரு ரவுண்டு சுற்றிக் காட்டுவது அவர் பிழைப்பு. நம்ம ஊர் திருவிழா ராட்டினம் மாதிரி. 1931ல் அப்படித்தான் ஆர்க்னிக்கும் போனார். பார்த்ததும் அவருக்கு மண்டையில் பல்பு எரிந்தது. கொந்தளிக்கும் கடலில் கப்பலில் ஆடி ஆடி வருகிற இந்த மக்களுக்கு விமானம்தானே சரி?

1933 மே 8ஆம் தேதி, ‘ஹைலேண்ட் ஏர்வேஸ்’ என்ற அவரது கம்பெனி இன்வர்னஸ் நகரத்திலிருந்து ஆர்க்னியின் கிர்க்வாலுக்கு சர்வீஸை ஆரம்பித்தது. ஏர்போர்ட் ஏது? விவசாயிகளின் வயல்களைத் தானே நடந்து நடந்து அளந்து, ‘இதுல இறங்கலாம், அதுல இறங்கக் கூடாது’ என்று முடிவு பண்ணினார். வானிலை ரிப்போர்ட்டும் இல்லை, ரேடியோவும் சொற்பம். ஆனாலும் சொன்ன நேரத்துக்குப் பறந்து காட்டினார். அதைப் பார்த்து 1934 மே 29 முதல் தபால் மூட்டைகளை அவரிடம் ஒப்படைத்தது தபால் துறை. சாதாரண ஸ்டாம்ப் ஒட்டினாலே கடிதம் விமானத்தில் போகும் வசதி பிரிட்டனுக்குள் முதன்முதலாகக் கிடைத்தது இந்தத் தீவுவாசிகளுக்குத்தான்!

முடிவு மட்டும் சினிமா மாதிரி சுபமாக இல்லை. போருக்குப் பிறகு பிரிட்டனில் ஏர்லைன்கள் அரசுடைமை ஆயின. 1948ல் ஃப்ரெசனை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். தான் கட்டிய வீட்டிலிருந்து தன்னையே வெளியேற்றியது போல. 1963ல் அவர் இறந்து, நான்கு வருஷம் கழித்துத்தான் அவரது நினைவுகள் புத்தகமாக வந்தன. இன்றைக்கு இன்வர்னஸ் ஏர்போர்ட்டில் அவருக்குச் சிலை நிற்கிறது.

அவர் விட்ட இடத்தில் தொடர்ந்தது இன்னொருவரின் கம்பெனி. வில்லி லோகன் ஒரு கட்டட கான்ட்ராக்டர். சைட்டுக்கும் ஆபீஸுக்கும் சீக்கிரம் போய் வரணும் என்பதற்காக 1962ல் ஒரே ஒரு விமானத்துடன் ‘லோகன்ஏர்’ ஆரம்பித்தார். 1966ல் வேறொரு கம்பெனியின் வாடகை விமானத்தில் போகும்போது விபத்தில் இறந்துபோனார். அடுத்த வருஷமே, 1967ல், அவர் பெயர் கொண்ட ஏர்லைன் ஆர்க்னியின் தீவுகளுக்கிடையே பறக்க ஆரம்பித்தது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பீச்தான் ரன்வே!

ஸ்காட்லாந்தின் மேற்குப் பக்கம் பாரா என்று ஒரு தீவு. அங்கே ஏர்போர்ட்டே கடற்கரை மணல்தான்! தினமும் ரெண்டு தடவை ரன்வே கடலுக்குள் மூழ்கிவிடும். அதனால் விமானத்தின் டைம்டேபிளை அலைதான் முடிவு பண்ணும். தண்ணீர் வடிந்தால் விமானம் இறங்கும். அது போனதும் ஜனங்கள் வாளியோடு வந்து அதே மணலில் சிப்பி பொறுக்குவார்கள். காற்று காட்டும் துணிக் குழாய் கம்பத்தில் ஏறிவிட்டால், ‘விமானம் வருது, ஓரமாப் போங்க’ என்று அர்த்தம். எந்த நேரமும் ஈர மணல், உப்புத் தண்ணி. விமானத்தைக் கழுவிக் கழுவி வைக்கலேன்னா துரு தின்றுவிடும்.

நடுராத்திரி போன் அடித்தால்...

இதுவரை படித்தது ஜாலி. இனிமேல் சொல்லப் போவதுதான் இந்த வேலையின் நிஜமான கனம்.

1933 மே 14. ஐலே தீவில் ஒரு மீனவருக்கு வயிற்றில் ஓட்டை விழுந்து உயிருக்குப் போராட்டம். படகில் போனால் தாங்காது. ஜிம்மி ஓரல் என்ற பைலட் தன் விமானத்தில் அவரை கிளாஸ்கோவுக்குக் கொண்டு போனார். ஸ்காட்லாந்தின் ஏர் ஆம்புலன்ஸ் கதை அன்றைக்குத்தான் ஆரம்பம். மீனவர் பிழைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் தீவு பைலட்டுகளுக்கு இது ரெண்டாவது வேலை ஆகிவிட்டது. பகலில் டீச்சர், தபால். ராத்திரி போன் அடித்தால் நோயாளி. 1973ல் ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு பறந்தபோது ஆஸ்பத்திரி வருவதற்குள் பாப்பா வந்துவிட்டது. ஐலண்டருக்குள்ளேயே, வானத்திலேயே பிரசவம்!

எல்லா ராத்திரியும் அப்படி முடியவில்லை. 1957 செப்டம்பர் 28 அன்று, அதே ஐலே தீவுக்கு ஒரு நோயாளியைக் கூப்பிடப் போன ஏர் ஆம்புலன்ஸ் மோசமான வானிலையில் இறங்கும்போது நொறுங்கியது. பைலட், ரேடியோ ஆபீசர், கூடப் போன நர்ஸ்... மூன்று பேரும் போய்விட்டார்கள். 2005 மார்ச் 15. நடுராத்திரி, மேகம், மழை. கேம்பெல்டவுன் ஊரில் அப்பெண்டிசைட்டிஸ் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு 10 வயசுப் பையனைக் கூட்டி வரக் கிளம்பிய ஐலண்டர், இறங்கும் நேரத்தில் கடலில் விழுந்தது. பைலட்டும் பாராமெடிக்கும் இறந்தார்கள். இருட்டு, மேகம், துணைக்கு இன்னொரு பைலட் இல்லாத காக்பிட். ஒரே ஆள் எத்தனை வேலையைத்தான் பார்ப்பது என்ற கேள்வி விசாரணையில் எழுந்தது. 2006 முதல் அங்கே ஏர் ஆம்புலன்ஸ் வேலை பெரிய டர்போ விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் மாறியது.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான். இந்தப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. ‘போறேன்’ என்று சொல்ல தைரியம் வேணும். ‘இன்னிக்கு முடியாது’ என்று சொல்ல அதைவிட தைரியம் வேணும். ஊருக்கே தெரிந்த முகங்கள் பைலட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இன்னும் கஷ்டம். குளிர்காலத்தில் ஆர்க்னியில் பகல் வெளிச்சமே ஆறு மணி நேரம்தான். திடீரென்று கடல் மேலிருந்து மூடுபனி உருண்டு வரும். ஏறும்போது தெரிந்த தீவு, இறங்கும்போது காணோம். ரெண்டே நிமிஷ ரூட்டில் ‘போகலாமா, திரும்பலாமா’ என்று முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

மணி சேர்க்கவா, மனுஷங்களைச் சேர்க்கவா?

பைலட் கனவில் இருக்கும் நம்ம பசங்களுக்கு ‘ஹவர்ஸ்’ என்றால் தெரியும். கமர்ஷியல் லைசென்ஸுக்கு நம்ம நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்கணும். லைசென்ஸ் வாங்கினாலும் பெரிய ஏர்லைன்கள் ‘அனுபவம் இருக்கா?’ என்று கேட்கும். அதனால், உலகம் முழுக்க நிறைய இளைஞர்கள் தீவு ஏர்லைன்களில் சேர்ந்து, ஹவர்ஸ் சேர்ந்ததும் பெரிய ஜெட்டுக்குத் தாவிவிடுவார்கள். அதில் தப்பே இல்லை. அங்கே கற்றுக்கொண்ட காற்றுப் பாடம் கடைசி வரை கூட வரும்.

ஆனால், சிலர் தாவுவதில்லை. சம்பளம் அதிகம், விமானம் பெருசு, யூனிஃபார்மில் கோடும் கூடுதல். எல்லாம் தெரிந்தும் அதே ரெண்டு நிமிஷ ரூட்டில் தலை நரைக்கும் வரை இருந்துவிடுகிறார்கள். பாப்பா வெஸ்ட்ரேயில் இருப்பது நூறு பேர்கூட இல்லை. ஆனால், அந்த மண்ணில் 5,000 வருஷத்துக்கும் பழமையான கல் வீடு இன்னும் நிற்கிறது. அவ்வளவு காலமாக மனுஷங்க இருக்கிற ஊர். அங்கே தொடர்ந்து இருக்க முடிகிறதென்றால், அதற்கு ஒரு காரணம், விமானம் வரும் என்ற நம்பிக்கை.

2019ல் ஐலண்டரையே பெட்ரோல் இல்லாமல் பறக்க வைக்கும் முயற்சி ஒன்றை பிரிட்டனில் ஆரம்பித்தார்கள். அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் ‘ப்ராஜெக்ட் ஃப்ரெசன்’. வயல் வயலாக நடந்து அளந்தாரே, 1948ல் வீட்டுக்கு அனுப்பினார்களே... அதே கேப்டனின் பெயர்தான்!

அடுத்த தடவை டவுன் பஸ்ல ஏறும்போது டிரைவர் முகத்தைக் கொஞ்சம் கவனிங்க. உங்களை ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் கொண்டுபோய் விடுகிற அந்த மனுஷருக்கு இறக்கை மட்டும்தான் இல்லை!