சிறுத்தைப் பல்லி: உரிமையாளர் வெளியூர் செல்லும்போது உணவளித்தல்

சிறுத்தைப் பல்லி (லெப்பர்டு கெக்கோ) உலகின் பல நாடுகளில் செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் ஊர்வன இனமாகும். இதன் அறிவியல் பெயர் யூபிளெபாரிசு மாக்குலாரியசு. கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்டு பிளைத் 1854 ஆம் ஆண்டு இவ்வினத்தை விவரித்தார். ஆப்கானித்தான், பாக்கித்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட பாறைப் பகுதிகள் இதன் இயற்கை வாழிடங்கள். வீட்டுப் பல்லியைப் போல் இதற்குச் சுவரில் ஒட்டும் விரல் அடிகள் இல்லை, இமைகள் உண்டு. அந்தியிலும் இரவிலும் இரை தேடும்.

உரிமையாளர் சில நாட்கள் வீட்டில் இல்லாதபோது இப்பல்லியை எவ்வாறு பராமரிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டினி தாங்கும் திறன்

சிறுத்தைப் பல்லி தனது தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைக்கிறது. இரை கிடைக்காத காலங்களில் இக்கொழுப்பே அதற்கு உணவாகிறது. நன்கு வளர்ந்த பல்லிக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை உணவளித்தால் போதும். வால் பருத்து, உடல்நலத்துடன் இருக்கும் பல்லி ஒரு வாரம் உண்ணாவிட்டாலும் பொதுவாகப் பாதிப்படைவதில்லை.

குஞ்சுகளுக்கு இது பொருந்தாது. அவை வேகமாக வளர்வதாலும், வாலில் போதிய சேமிப்பு இல்லாததாலும், நாள்தோறும் உணவு தேவை. வால் மெலிந்தவை, நோயுற்றவை, முட்டையிடும் பெண் பல்லிகள் ஆகியவற்றையும் பட்டினி போடக்கூடாது. இவற்றை வைத்திருப்போர் குறுகிய பயணத்திற்கும் ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும்.

உணவை விட முதன்மையானவை

நீரும் வெப்பமும் உணவை விட முதன்மையானவை. வாலில் உள்ள கொழுப்பு நீரின் தேவையை ஈடு செய்யாது. ஆழமற்ற, எளிதில் கவிழாத கிண்ணத்தில் நீர் எப்போதும் இருக்க வேண்டும். புறப்படும் முன் இரண்டாவது கிண்ணம் ஒன்றையும் வைப்பது நல்லது.

ஊர்வன தம் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகின்றன. கூண்டின் வெப்பமான பக்கத் தரை சுமார் 31 முதல் 33 பாகை செல்சியசு வரையும், மறுபக்கம் சுமார் 24 பாகையும் இருந்தால்தான் உண்ட இரை சரியாகச் செரிக்கும். வெப்பமூட்டி நின்றுபோன நிலையில் உணவளித்தால், இரை செரிக்காமல் வயிற்றிலேயே தங்கி அழுகக்கூடும். பல்லி அதனைக் கக்கவும் கூடும். எனவே பராமரிப்பவர் முதலில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். கூண்டு குளிர்ந்திருந்தால் அன்று உணவு கொடுக்கக் கூடாது. வெப்பமூட்டியைச் சரிசெய்வதே முதல் வேலை. வெப்பநிலைக் கட்டுப்படுத்தி இல்லாத வெப்பமூட்டியை நம்பி வெளியூர் செல்வது ஆபத்தானது. அது அளவுக்கு மீறிச் சூடாகிப் பல்லியின் வயிற்றைச் சுட்டுவிடலாம்.

என்ன கொடுப்பது

சிறுத்தைப் பல்லி பூச்சியுண்ணி. காய்கறி, பழம், சோறு ஆகியவற்றை உண்ணாது. சுவர்க்கோழி, மாவுப்புழு, டூபியா கரப்பான் ஆகியவை வழக்கமான இரைகள். இரையின் பருமன் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை விட மிகாதிருக்க வேண்டும். இரைப் பூச்சிகளுக்கு ஒரு நாள் முன்பே கேரட், கீரை போன்றவற்றைக் கொடுத்து ஊட்டமேற்றி, சுண்ணாம்புச்சத்துத் தூளில் புரட்டிக் கொடுப்பர். இச்சத்தும் உயிர்ச்சத்து டி3-உம் நெடுங்காலம் குறைந்தால் எலும்புகள் மென்மையாகி வளையும்.

வீட்டைச் சுற்றிப் பிடித்த பூச்சிகளைக் கொடுக்கக் கூடாது. அவற்றில் பூச்சிக்கொல்லி இருக்கலாம். மின்மினிப் பூச்சி பல்லிகளுக்குக் கொடிய நஞ்சு; ஒன்றே உயிரைப் பறிக்கக்கூடும்.

கூண்டில் இரையை விட்டுச் செல்லலாமா?

பல நாட்களுக்குப் போதுமான சுவர்க்கோழிகளைக் கூண்டில் விட்டுச் செல்வது தவறான வழக்கம். உண்ணப்படாத சுவர்க்கோழிகள் பசியால் உறங்கும் பல்லியின் தோலையும் விரல்களையும் கடித்துப் புண்ணாக்கும். நீர்க் கிண்ணத்தில் விழுந்து இறந்து நீரையும் கெடுக்கும்.

மாவுப்புழுக்கள் வழவழப்பான விளிம்புடைய கிண்ணத்திலிருந்து ஏறி வெளியேற இயலாதவை. எனவே வளர்ந்த பல்லிக்கு ஓரிரு நாள் தேவைக்குச் சில புழுக்களை, ஒரு துண்டு கேரட்டுடன் கிண்ணத்தில் வைக்கலாம். புழுக்களின் மேல் தூவிய சுண்ணாம்புச்சத்துத் தூள் சில மணி நேரத்தில் உதிர்ந்துவிடும் என்பதால், தூளைத் தனியே ஒரு சிறு மூடியிலும் வைப்பர்.

பராமரிப்பவருக்கான ஏற்பாடுகள்

ஒரு வாரத்திற்கு மேற்பட்ட பயணத்திற்கு அண்டை வீட்டாரோ நண்பரோ இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறையாவது வந்து பார்ப்பது அவசியம். அவர் பூச்சிகளைக் கையாளத் தயங்காதவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் உரிய பூச்சிகளை எண்ணித் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு நாளைக் குறித்து வைத்தால், அன்பினால் அளவுக்கு மீறிக் கொடுப்பது தவிர்க்கப்படும். அவருக்கு எழுதித் தர வேண்டியவை:

* வெப்பநிலையைப் பார்த்த பின்னரே உணவு. மாலையில் கொடுப்பது சிறந்தது.
* நீரை ஒவ்வொரு முறையும் மாற்றுதல்.
* சுமார் 15 நிமிடத்தில் உண்ணாத சுவர்க்கோழிகளை வெளியே எடுத்தல்.
* வாலைப் பிடிக்காதிருத்தல். அச்சமுற்றால் பல்லி வாலைத் துண்டித்துவிடும், அத்துடன் சேமித்த கொழுப்பும் போய்விடும்.
* பல்லிகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால், வேலை முடிந்ததும் சோப்பால் கைகழுவுதல்.

தோலுரிக்கும் காலத்தில் பல்லியின் நிறம் வெளிறும். அப்போது ஓரிரு வேளை உண்ணாதிருப்பது இயல்பு. ஆனால் வால் விரைவாக மெலிதல், தொடர்ந்து கக்குதல், கண்களைத் திறக்காதிருத்தல் ஆகியவை நோயின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் உரிமையாளர் திரும்பும் வரை காத்திராமல், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அம்மருத்துவரின் தொலைபேசி எண்ணைப் புறப்படும் முன்பே கூண்டின் மேல் ஒட்டி வைப்பது நலம்.